கடைசியாகச் சேர்ந்தவர்

அந்த மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை ஒரு அம்மாள் தேடிவந்து பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நீங்கதானே கடைசியா சேர்ந்தது?" என்று கேட்பார். ஆமாம் என்றால் போதும், முகமெல்லாம் பல்லாக, "நல்லதுங்க, இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுவார். வந்தவர்களுக்கு மனம் குளிர்ந்துபோகும். இத்தனை பெரிய இடத்தில் நம்மையும் ஒருவர் விசாரிக்கிறாரே என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்வார்கள். அவர் பார்க்க வந்தது தங்கள் பெயரைத்தான் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஒத்திகை அக்கா. ஏதோ நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அடித்தளத்தில், சலவை அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து சர்வர்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. ஒரு பக்கச் சுவரில் சலவை இயந்திரங்களின் வெக்கை, மறுபக்கம் சர்வர் அறையின் குளிர். நடுவில் அக்கா, வருஷம் முழுவதும் கணவருடைய பழைய ஸ்வெட்டரில்.

அவர் பொறுப்பில் இருந்தவற்றில் முக்கியமானது டைரக்டரி சர்வர். இங்கே யார் யார் என்பதை அறிந்து வைத்திருக்கிற சர்வர் அது. டாக்டர் தன் கம்ப்யூட்டரைத் திறந்தாலும், நர்ஸ் மருந்து அலமாரியில் கார்டை வைத்தாலும், பெருக்க வருகிறவர் வார்டு கதவருகே போனாலும், கம்ப்யூட்டரும் அலமாரியும் கதவும் முதலில் இதனிடம்தான் கேட்கும்: இவர் யார், விடலாமா? இது "தெரியும்" என்றால் பச்சை விளக்கு. "தெரியாது" என்றால், ஆயிரம் ஆபரேஷன் செய்த கையாக இருந்தாலும் கதவு அசையாது.

அந்த சர்வரின் காப்புப் பிரதி ஒவ்வொரு இரவும் தானாக எடுக்கப்படும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். பிரதி எடுத்தாயிற்று என்று பச்சையாக ஒரு வரி வரும், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நம் அக்காவுக்கு அந்தப் பச்சை வரிமேல் நம்பிக்கையே கிடையாது. மாதம் ஒருமுறை ஸ்டோர் ரூமில் ஒதுங்கிக் கிடந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று மட்டும் இணைத்து, வெளி உலகத்தோடு எந்த ஒயரும் ஒட்டாமல், பிரதியிலிருந்து முழு டைரக்டரியையும் எழுப்பி ஒத்திகை பார்ப்பார். எழுந்ததும் அவர் தேடுவது ஒரே ஒரு பெயரை: கடைசியாகச் சேர்ந்தவர். அந்தப் பெயர் இருந்தால், அதற்கு முன்னால் வந்த அத்தனை பேரும் இருப்பார்கள். பிறகு மாடிக்குப் போய், அந்தப் பெயருக்கு உரிய ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வீட்டிலும் இதே கூத்துதான். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் மாதாமாதம் பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தச் சாவியை வாங்கி, தன் வீட்டைத் தானே பூட்டி, திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஜென்மம் இவர் ஒருவர்தான். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாய்க்குப் பஞ்சமில்லாதவர். என்னையும் ஒருநாள் இப்படிச் சோதித்துப் பார்ப்பாய் என்று கிண்டல் செய்வார். ஒருமுறை அந்தச் சாவி திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை மாற்றியபோது சாவிகளைக் குழப்பிவிட்டு, தன் பழைய பூட்டின் சாவியை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அன்றோடு கணவர் வாயைத் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அக்கா சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வார். அவர் முதன்முதலாக வேலைக்குப் போன இடம் ஒரு பெரிய கிடங்குக் கம்பெனி. சேர்ந்த அன்றே அங்கே டைரக்டரி படுத்துவிட்டது. முந்தின நாள் பிரதியிலிருந்து எழுப்பினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அன்று காலையில் சேர்ந்த ஒருத்தி மட்டும் அந்தப் பிரதியில் இல்லை. கேட்டில் காவலாளி தினமும் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். கேன்டீனில் வெளியாள் விலை வாங்கினார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, கார்டு கிடையாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு வாரம் முழுக்க எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை எடுத்ததே தவறு என்று தெரிந்துகொண்டு சொல்லத் தயங்குகிறார்கள் போல என்று நினைத்து, கழிப்பறையில் போய் அழுதார். இதையெல்லாம் அவர் வேடிக்கையாகத்தான் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அழுத இடத்தில் மட்டும் அவர் குரல் லேசாக மாறுவதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்.

இனி நம் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் சும்மா கிடக்கிற பொருளைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஸ்டோர் ரூமில் இரண்டு கம்ப்யூட்டர்கள் மாதத்தில் ஒருநாள் மட்டும் ஓடுவது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டார். டைரக்டரிக்கு நம்மிடம் இரண்டு சர்வர் இருக்கிறது, ஒன்று இங்கே, ஒன்று புதுக் கட்டடத்தில், ஒன்று போனால் இன்னொன்று, அப்புறம் எதற்கு இந்த ஒத்திகை என்று கேட்டார்.

"சார், அது ரெண்டும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதுற பசங்க," என்றார் அக்கா. "ஒருத்தன் தப்பா எழுதினா இன்னொருத்தனும் அதே தப்பைத்தான் எழுதுவான். அதுவும் உடனே எழுதுவான்."

மேலாளர் சிரித்தார், தலையாட்டினார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே இரண்டு கம்ப்யூட்டர்களும் வரவேற்புப் பகுதிக்குப் போய், டோக்கன் எண் காட்டும் பலகைகளுக்குத் துணையாக உட்கார்ந்தன. ஒத்திகை நின்றது. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்களேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஊரார் பெயரும் பாஸ்வேர்டும் என் வீட்டுக்கு எதற்கு என்று அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மாதங்கள் போயின. பச்சை வரி மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஆணியில் தொங்கிய அந்தச் சாவிதான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த நாள் ஒரு சாதாரண நாளாகத்தான் தொடங்கியது. அக்காவோடு அதே அறையில் வேலை பார்க்கிறவர் ஒருவர் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கெட்டிக்காரர், எதிலும் அவசரம். எக்ஸ்பிரஸ் என்று பெயர். கம்ப்யூட்டர் "நிச்சயமாகவா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "ஆமாம்" அழுத்திவிடுகிற கை. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களை டைரக்டரியிலிருந்து நீக்கிச் சுத்தம் செய்யச் சொல்லி மேலாளர் கேட்டிருந்தார். எக்ஸ்பிரஸ் காலையில் அதில் இறங்கினார். டைரக்டரியில் பெயர்கள் மரம்போலக் கிளை கிளையாகத்தான் இருக்கும். வேலையை விட்டுப்போன நர்ஸ்கள் இருந்த சின்னக் கிளையைப் பிடித்ததாக நினைத்து, அதற்கு மேலே இருந்த பெரிய கிளையைப் பிடித்தார். கம்ப்யூட்டர் கேட்டது. கை அழுத்தியது. ஆஸ்பத்திரியின் அத்தனை நர்ஸ்களும் இல்லாமல் போனார்கள்.

முதலில் ஒரு போன் வந்தது, பிறகு எல்லா போனும் சேர்ந்து வந்தன. மூன்றாம் மாடியில் மருந்து அலமாரி சிவப்பு விளக்கு காட்டுகிறது. குழந்தைகள் வார்டில் கதவு திறக்கவில்லை. எக்ஸ்பிரஸ் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, புதுக் கட்டடத்து சர்வர்ல இருக்குமில்ல?"

"பாருங்க தம்பி," என்றார் அக்கா. எக்ஸ்பிரஸ் பார்த்தார். அங்கேயும் இல்லை. இரண்டாவது பையன் எழுதி முடித்திருந்தான். நீக்கியதைத் திரும்ப எடுக்கும் குப்பைத்தொட்டி வசதி ஒன்று உண்டு. அதை இயக்கி வைக்கும் வேலை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட வேலைகளோடு பல வருஷமாகக் கிடந்தது.

மேலே தலைமை நர்ஸ் கலங்கவில்லை. கழுத்தில் தொங்கிய அவசரச் சாவியோடு மாடி மாடியாக ஓடி அலமாரிகளைத் திறந்துவிட்டார். காவலாளிகள் கதவுகளுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். காலையில் வந்த நர்ஸ்கள் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் எப்படியோ ஓடியது. ஆனால் எந்த மருந்தை யார் எடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிய ஒருவராலும் முடியவில்லை. அப்படியே மதிய ஷிஃப்டும் மாறினால் குழப்பம் கைமீறிவிடும்.

பெரிய டாக்டரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அதுவரை அந்தப் பக்கம் வந்திராதவர் என்பதால் வாசலில் தாழ்வாகப் போகும் குழாயில் தலையை இடித்துக்கொண்டார். ஷிஃப்ட் மாறுவதற்குள் பெயர்கள் வராவிட்டால் புது நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தி, ஆம்புலன்ஸ்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும் என்றார். மேலாளர் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எக்ஸ்பிரஸ் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இது வராவிட்டால் தன் வேலை இங்கே இன்றோடு சரி என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

"வந்துடுமாம்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"தெரியாது டாக்டர்," என்றார் அக்கா. "கடைசியா ஒத்திகை பார்த்தப்போ வந்துச்சு. அப்புறம் பார்க்க விடல."

அதற்குமேல் யாரையும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அக்கா ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு சர்வர் அறைக்குள் போனார்.

டைரக்டரி சர்வரை மீட்க வேண்டுமென்றால் அதை ஒரு தனி நிலையில் எழுப்ப வேண்டும். அதற்கு ஒரு தனி பாஸ்வேர்ட், சர்வரை முதன்முதலில் நிறுவியபோது வைத்தது. வேறெதற்கும் பயன்படாததால் உலகம் முழுக்க எல்லோரும் மறந்துபோகிற பாஸ்வேர்ட் அது. எக்ஸ்பிரஸ் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார். சேமித்த பெட்டகத்தைத் திறக்க டைரக்டரியில் லாகின் செய்ய வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. நல்லவேளையாக அவருடைய லாகின் நீங்கவில்லை. மீட்பதற்காக சர்வரை நிறுத்துவதற்குள் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டும் என்று அவர் பெட்டகத்தைத் திறக்க ஓடினார். அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மாதாமாதம் அடித்த விரல்கள் அவருடையவை. முதல்முறை யோசித்து யோசித்து அடித்தார், தவறு என்று வந்தது. பிறகு திரையைப் பார்க்காமல் சுவரில் இருந்த ஏசி குழாயைப் பார்த்துக்கொண்டு, விரல்களை அவற்றின் போக்கில் விட்டார். திறந்துகொண்டது.

முந்தின இரவின் பிரதி இறங்கத் தொடங்கியது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் "காப்பு இருக்கு, காப்பு இருக்கு" என்று சொல்லித் திரிந்தது வெறும் வாய்ச்சவடாலாகப் போய்விடுமோ என்ற பயத்தோடு அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி முடிந்தது. பெயர்கள் இருந்தன. நர்ஸ்களின் கிளை முழுதாக, இலை உதிராமல் இருந்தது.

எக்ஸ்பிரஸ் அழாத குறை. சர்வரை வழக்கமான நிலையில் திரும்ப எழுப்புவதற்கு அவர் கை விசைப்பலகைக்குப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க தம்பி. இதை இப்படியே எழுப்பினா, புதுக் கட்டடத்துக்காரன் என்ன சொல்வான்? 'இவங்களையெல்லாம் இன்னைக்குக் காலையிலதான் நீக்கினோம், உனக்குத் தெரியாதா?'ன்னு சொல்வான். இதுவும் சரின்னு நீக்கிடும்."

அக்கா இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஒத்திகையிலேயே, ஸ்டோர் ரூமில், வேண்டுமென்றே நீக்கி மீட்டெடுத்த பெயர்கள் கண்ணெதிரே மறுபடி மறைந்துபோவதைப் பார்த்து ஆடிப்போயிருந்தார். சர்வர்களுக்கு எது சரி என்று தெரியாது, எது பிந்தைய செய்தி என்றுதான் தெரியும். நீக்கிய செய்தி இன்றையது, பிரதி நேற்றையது. அதனால் நேற்றைய பெயர்கள்தான் உண்மை, இதை யாரும் மாற்றக் கூடாது என்று எழுப்புவதற்கு முன்பே அடித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கிளையின் முகவரியை அக்கா நிதானமாக அடித்தார், எழுத்தெழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், பிறகுதான் எழுப்பினார்.

இந்தச் சர்வர் எழுந்தது. இருவரும் புதுக் கட்டடத்து சர்வரின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலியாக இருந்த கிளையில் ஒரு பெயர் தெரிந்தது, பிறகு நாலைந்து, பிறகு மளமளவென்று எல்லாம். யார் எந்த வார்டு என்ற முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன. அதையும் இன்னொரு சுற்றில் திரும்பக் கட்டினார். மேலேயிருந்து தலைமை நர்ஸ் போன் செய்து, அலமாரி பச்சை காட்டுகிறது என்றார். அவர் பின்னால் பலர் கைதட்டுவது போனில் கேட்டது. மதிய ஷிஃப்டு நர்ஸ்கள் அப்போதுதான் கேட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியதைப் பார்த்த பிறகுதான் மேலாளருக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்று பெரிய டாக்டருக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டபடியே போனைக் கையில் எடுத்தார்.

"இன்னும் இல்ல சார்," என்றார் அக்கா.

அவர் தன் மேஜைக்குப் போய் ஊழியர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். வழக்கமான கேள்விதான். கடைசியாகச் சேர்ந்தது யார்? இன்று காலை ஒரு நர்ஸ் சேர்ந்தார் என்றார்கள். கேட்டதும் எக்ஸ்பிரஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். காலையில் சுத்தம் செய்ய உட்கார்வதற்கு முன், அந்தப் பெயரைச் சேர்த்ததே அவர்தான். நேற்றைய பிரதியில் அது எப்படி இருக்கும்? வார்டில் கேட்டார்கள், ஆள் இல்லை. உடை கொடுக்கும் கவுன்ட்டரில் கேட்டபோது, கொஞ்சம் முன்பு ஓர் அம்மா வந்து, கண் கலங்கியபடி, மடிப்புக் கலையாமல் யூனிஃபார்மைத் திருப்பி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

அக்கா ஓடினார். வெளியே வெயில் கொளுத்தியது, அவர் ஸ்வெட்டரைக் கழற்றக்கூட நினைக்கவில்லை. கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்ப்புற பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பின்னால் எக்ஸ்பிரஸ் மூச்சிரைக்க வந்தார். நிறுத்தத்தில் ஒரு பெண்மணி மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில்லை, நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் வளரட்டும் என்று பல வருஷம் வேலையை விட்டிருந்து, மறுபடி படித்துப் பரீட்சை எழுதி வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. காலையில் கார்டு வேலை செய்யாதபோது எல்லோருக்கும்தான் செய்யவில்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிந்தது, அவருக்கு மட்டும் சிவப்பு. காவலாளி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரே இதில் இல்லையேம்மா என்று சொல்லிவிட்டார்.

"நீங்கதானே கடைசியா சேர்ந்தது?" என்று அக்கா கேட்டார்.

"சேரலைங்க," என்றார் அந்த அம்மா. "இவ்ளோ வருஷம் கழிச்சு யாரு எடுப்பாங்கன்னு எனக்கே தோணுச்சு. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான் உக்காந்திருக்கேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்."

அந்த நாற்காலியும் எதிர்ச் சுவரும் அக்காவுக்கு அப்படியே நினைவுக்கு வந்தன. அந்த ஒரு வாரம் முழுக்கத் தன்னை இப்படி ஒருத்தர் தேடி வந்திருக்கலாகாதா என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைமேல் கை வைத்தார்.

"சிஸ்டர், உங்களை யாரும் வேணாம்னு சொல்லல. நாங்க நேத்தைக்குத் திரும்பிப் போயிட்டு வந்தோம், நேத்து நீங்க இல்ல. அவ்ளோதான். வாங்க, நானே எழுதுறேன்."

எக்ஸ்பிரஸ் தப்பு தன்னுடையது என்று சொல்லி, அந்த அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக நடந்தார்.

மூன்றாம் மாடி வார்டில், நர்ஸ்கள் உட்காரும் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே அக்கா அந்தப் பெயரைச் சேர்த்தார். எழுத்து சரியா என்று அந்த அம்மாவிடமே காட்டிக் கேட்டார். கார்டு எண்ணை இரண்டுமுறை படித்துச் சரிபார்த்தார். கதவருகே கூட்டிக்கொண்டு போய், வையுங்கள் என்றார். அந்த அம்மா கார்டை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. அவர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வெளியே வந்து, யாரும் சொல்லாமலே இன்னொருமுறை கார்டை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பச்சை.

அக்கா ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலாளருக்குப் போன் செய்தார்.

"இப்ப முடிஞ்சுதுன்னு சொல்லுங்க சார்," என்றார். "எல்லாரும் வந்துட்டாங்க."